தம்பலகாமத்தில் இருக்கும் பூச்சி நிலாவெளியில் ஏன் இல்லை? மாவட்டப் பூச்சி வரைபடம் பற்றிய விவாதம்

தரவைக்காற்று

வணக்கம். திருகோணமலை மாவட்டத்துக்கு ஒரு பூச்சிப் பரம்பல் வரைபடம் தயாராகிறது. முதல் வரைவில் முழு மாவட்டத்தையும் "உலர் வலயம்" என்று ஒரே நிறத்தில் தீட்டியாயிற்று. களக்குறிப்புகள் அந்த நிறத்துக்குள் அடங்க மறுக்கின்றன. தம்பலகாமத்து வாய்க்கால் ஓரத்தில் நின்றால் பத்து நிமிடத்தில் ஊசித்தும்பிகள் கண்ணில் படும். நிலாவெளி உப்பளப் பக்கம் அரை நாள் நின்றாலும் ஒன்றும் இல்லை. இரண்டு இடத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் ஒரு பாகைகூட வராது. தூரம் 40 கிலோமீற்றருக்குள்தான்.

கேள்வி இரண்டு. வரைபடத்தை எதை வைத்துப் பிரிப்பது? ஒவ்வொரு இடத்திலும் எதை அளந்து எழுதுவது? மழை, வெப்பம், மண், செடி என்று எல்லாவற்றையும் அளக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

---

மலைமுகடு

வெப்பநிலையை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். பூச்சியின் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக் காப்பதில்லை. சுற்றியுள்ள காற்றின் சூடுதான் அதன் வளர்ச்சி வேகம். ஒவ்வொரு இனத்துக்கும் ஓர் அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அடிமட்டத்துக்கு மேலே ஒரு நாளில் எத்தனை பாகை கிடைக்கிறதோ அதை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போனால், ஒரு குறித்த தொகை நிரம்பும்போது முட்டை நிறைவுடலியாக, அதாவது வளர்ந்த பூச்சியாக, மாறிவிடும்.

சேனா படைப்புழுவை எடுங்கள். 2018 பெரும்போகத்தில் சோளனை அழித்ததே, அதுதான். அதற்கு அடிமட்டம் ஏறத்தாழ 12.6 பாகை. முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரைக்கும் அந்தக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 390 பாகை-நாள். சராசரி 28 பாகை உள்ள கந்தளாயில் ஒரு நாளுக்கு 15.4 சேரும். ஆகவே 25 நாளில் ஒரு தலைமுறை முடிகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் சராசரி 16 பாகை, ஒரு நாளுக்கு 3.4தான் சேரும். அதே புழுவுக்கு அங்கே 115 நாள் வேண்டும். அதற்குள் சோளன் அறுவடையே முடிந்துவிடும். உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. இந்தத் தீவில் பூச்சிகளுக்குப் போடப்பட்ட முதல் வேலி அதுதான்.

கணக்கில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. (கூடிய வெப்பம் + குறைந்த வெப்பம்) ÷ 2 − அடிமட்டம் என்ற சூத்திரம், பகல் வெப்பம் இனத்தின் மேல் எல்லையைத் தாண்டும் நாட்களில் பொய் சொல்லும். பல பயிர்ப்பூச்சிகளுக்கு 34, 35 பாகைக்கு மேலே வளர்ச்சி வேகம் கூடுவதில்லை, குறையத் தொடங்கும். யூன், யூலை மாதங்களில் உங்கள் மாவட்டத்துக்கு இந்தத் திருத்தம் கட்டாயம்.

---

குளக்கட்டு

கணக்கு சரி அண்ணை. ஆனால் அது தரவைக்காற்றின் கேள்விக்கு விடையாகாது. திருகோணமலையில் எந்த இரவும் 12 பாகைக்கு இறங்குவதில்லை. குளிர் இங்கே ஒரு பூச்சியையும் வெளியேற்றவில்லை. மாவட்டத்துக்குள்ளே யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர். அதிலும் ஆண்டு மழை அல்ல, தென்மேல் பருவக்காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் மிஞ்சும் தண்ணீர்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை என்று சொல்லும்போது அது குறைவாகவே தெரியாது. அதில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்க் காற்றான வாடையோடு கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மே தொடங்கி செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மத்திய மலையின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்காற்றாக வருகிறது. ஈரக்காற்று மலை ஏறும்போது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6 பாகை குளிர்கிறது. ஈரம் இழந்து இறங்கும்போது 10 பாகை சூடேறுகிறது. கச்சானின் சூடும் வறட்சியும் அந்த வித்தியாசத்தில் பிறப்பவை.

பூச்சிக்கு இது என்ன செய்கிறது என்று பாருங்கள். காற்று எவ்வளவு ஈரத்தை உறிஞ்சும் என்பதை நீராவி அழுத்தக் குறைவால் அளக்கலாம். மார்கழியில் 27 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் அந்தக் குறைவு 0.7 கிலோபாஸ்கல். ஆனி நடுப்பகலில் 35 பாகை, ஈரப்பதன் 50 வீதம் என்றால் 2.8. நான்கு மடங்கு! ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் உடம்புக்குப் பருமன் சிறிது, மேற்பரப்பு பெரிது. தோலின் மெழுகுப் படலத்தாலும் மூச்சுத்துளைகளை மூடிவைப்பதாலும் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவுதான் அதன் ஆயுள்.

ஆகவே ஓர் இனம் இங்கே குடியிருக்கிறது என்றால், அந்தக் கச்சான் மாதங்களைத் தாண்ட அதனிடம் ஏதோ ஒரு வழி இருக்கவேண்டும். ஊசித்தும்பியின் குஞ்சு பெரும்பாலும் நன்னீரில்தான் வளரும். ஆடி, ஆவணியிலும் வற்றாத வாய்க்கால் தம்பலகாமத்தில் உண்டு, நிலாவெளி மணலில் இல்லை. பல ஊசித்தும்பிகள் பிறந்த நீரை விட்டு அதிக தூரம் போவதும் இல்லை. தலைப்பில் நீங்கள் கேட்டதற்கு விடை அவ்வளவுதான்.

---

வயல்வரம்பு

குளக்கட்டு சொல்றது சரி. அதுக்கு மேலே ஒண்டு கிடக்கு. தம்பலகாமத்து வாய்க்காலிலை ஆடியிலை ஓடுற தண்ணி எங்கையிருந்து வருது? கந்தளாய்க் குளத்திலையிருந்து. கந்தளாய்க்கு அம்பன் கங்கைத் தண்ணி எலகெர, மின்னேரியா வழியாக் கால்வாயிலை வருது. 1976 பொல்கொல்லைத் திசைதிருப்பலுக்குப் பிறகு மகாவலித் தண்ணியும் அதோடை சேருது. தென்மேல் மழை மலையிலை விழுது. அதே காற்று இஞ்சை கச்சானா வந்து எல்லாத்தையும் காயப்போடுது. அதே மழை கால்வாயாலை வந்து வயலை நனைக்குது. ஒரே பருவக்காற்று இரண்டு வழியாலை வருது எண்டு வைச்சுப் பாருங்கோ. வரைபடத்திலை மழைக்கோட்டை மட்டும் கீறினா பிழைச்சுப்போகும். நீர்ப்பாசன எல்லையையும் கீறவேணும்.

நெல்லிலை சாறு குடிக்கிற அறக்கொட்டியான், கபிலத் தத்தி, இதுக்கு நல்ல உதாரணம். வெளியிலை 34 பாகை எண்டாலும் அடர்ந்த நெல்லுக்குள்ளை, அடித்தண்டுப் பக்கம் நிழலும் ஈரமும். அந்தப் பூச்சிக்கு 25 முதல் 30 பாகையும் கூடின ஈரப்பதனும்தான் பிடிக்கும். அது இருக்கிறது நாங்கள் நட்ட காலநிலைக்குள்ளை. யூரியாவைக் கூடப் போட்டு, நெருக்கி விதைச்சு, தண்ணியை வடிக்காமல் விட்டால் வயலுக்குள்ளை அதுக்கு நல்ல வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. முதல் 40 நாளுக்குள்ளை கண்டபடி மருந்தடிச்சால் சிலந்தியெல்லாம் செத்துப்போகும், அறக்கொட்டியான் பெருகும். மூண்டு நாலு நாள் தண்ணியை வடிச்சு அடித்தண்டிலை காற்றுப்பட விட்டால் ஈரம் குறைஞ்சு பெருக்கம் தணியும்.

பனிப்பூச்சி, அதுதான் இலைப்பேன், நேர்மாறு. அதுக்கு மழை ஆகாது. விதைச்சு இரண்டு மூண்டு கிழமைக்குள்ளை மழை இல்லாமல் வயல் காய்ஞ்சால் இலை நுனி சுருண்டு ஊசி மாதிரி நிக்கும். உள்ளங்கையை நனைச்சு நாற்றுக்கு மேலாலை தடவினால் கறுப்பாச் சின்னதா ஒட்டும். நாற்று மூழ்க ஒரு நாள் தண்ணி கட்டினால் போகும். ஒரே வயல், ஒரே பயிர். ஈரம் கூடினால் ஒண்டு, காய்ஞ்சால் இன்னொண்டு.

---

உப்பாறு

நுளம்புகளைச் சேர்க்காமல் இந்த விவாதம் முடியாது. தண்ணீர் இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. எப்படிப்பட்ட தண்ணீர் என்பதுதான் மீதி.

மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் தெளிந்த, வெயில் படுகிற, ஓடாத நன்னீர்க் குழியில் முட்டையிடும். ஆற்று மணலில் தேங்கும் குட்டைகள் அதற்கு மிகப் பொருத்தம். ஈர வலயத்தில் ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடும், குட்டை உண்டாகாது. அங்கே மழை பொய்த்தால்தான் ஆறு துண்டு துண்டாகக் குட்டையாகும். 1934இல் தென்மேல் மழை தவறியபோது நடந்தது இதுதான். களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் குட்டைகளாயின. எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்களிடையே 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். உலர் வலயத்தில் கதை தலைகீழ். இங்கே கோடையில் குழிகள் முற்றாகக் காய்ந்துவிடும், வாடை மழைதான் அவற்றை நிரப்பும். அதனால் மலேரியா மழைக்குப் பின்னே உச்சத்துக்குப் போனது. ஒரே நுளம்பு, ஓரிடத்தில் வறட்சி அதற்கு உதவுகிறது, இன்னோரிடத்தில் மழை உதவுகிறது. "மழை கூடினால் நுளம்பு கூடும்" என்று வரைபடத்தில் ஒரு வரி எழுதினால் அது தீவின் பாதிக்குப் பொய்.

2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. நோய்க்கிருமி போனதே தவிர நுளம்பு போகவில்லை. அதே ஆண்டு இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய இனம் கண்டறியப்பட்டது. அது ஆற்று மணலைத் தேடாது. கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் வளரும், நகரத்துக்குப் பழகியது. வறண்ட கரையோர நகரம் என்பது அதற்குத் தடையே அல்ல. குலிசிபேசிஸுக்குக் கீறிய எல்லைக்கோட்டை இதற்குப் பயன்படுத்த முடியாது. உங்கள் வரைபடத்தில் தண்ணீர்த் தாங்கிகளுக்கு ஒரு படலம் கட்டாயம் வேண்டும்.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தி கச்சானைத் தாண்டுவது முட்டையாக. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, ஒக்ரோபர் மழையில் நனைந்ததும் பொரிக்கும். 27 முதல் 30 பாகையில் பொரித்து ஏழு முதல் பத்து நாளில் பறக்கும். பரலை (பீப்பாயை) கவிழ்த்துத் தண்ணீரை மட்டும் ஊற்றினால் முட்டை சுவரிலேயே இருக்கும். தும்புப் பிரசால் தேய்த்துக் கழுவாத பரல் காலியான பரல் அல்ல. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு அவ்வளவு மோசமாகப் பரவிய ஆண்டில் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். கொழும்பில் உச்சம் வழமையாக யூன், யூலையில். இங்கே வாடை மழைக்குப் பின். பருவக்காற்றின் திசை மாறும் இடத்தில் நோயின் மாதமும் மாறுகிறது.

---

தரவைக்காற்று

மிக்க நன்றி. உப்பாறு, ஒரு சந்தேகம். களப்புத் தண்ணீர், உப்பளத் தண்ணீர் எல்லாம் நுளம்புக்கு ஆகாது என்று விட்டுவிடலாமா? கொட்டியாரக் குடாவைச் சுற்றி அப்படிப்பட்ட இடம்தான் அதிகம்.

---

உப்பாறு

விடக்கூடாது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கியூலெக்ஸ் சிடியன்ஸ் என்ற கரையோர நுளம்பு உவர்நீரில் இயல்பாகவே வளரும். அனோபிலிஸ் சண்டைக்கஸும் அப்படியே. ஈடிஸ் நன்னீர் நுளம்பு என்றுதான் நீண்ட காலம் நம்பப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடந்த ஆய்வுகளில் லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் அதன் குடம்பி (புழுப்பருவம்) கிடைத்தது. கரையோரத்துக் கைவிட்ட கிணறு, வள்ளத்துக்குள் தேங்கிய நீர் எல்லாம் அந்த எல்லைக்குள் வரும். ஆனால் உப்பளப் பாத்தியில் உப்பு கடல்நீரைவிடப் பல மடங்கு செறியும்போது நுளம்பும் தங்காது. அங்கே மிஞ்சுவது உவர்நீர் ஈ போன்ற சிலதான்.

உப்பு அளக்க முறிவுமானி இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். தண்ணீரைத் துணியில் வடித்து 100 மில்லிலீற்றர் எடுத்து, நிறுத்துவைத்த சிறு பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் முற்றாக வற்றவிட்டு, ஆறவிட்டு மறுபடி நிறுங்கள். கடல்நீர் என்றால் 3.5 கிராம் மிஞ்சும். 0.1 கிராம் காட்டும் தராசு போதும். கடைசிக் கட்டத்தில் சூட்டைக் குறைக்காவிட்டால் உப்பு வெடித்துத் தெறிக்கும், நிறை குறைந்து வரும். மழை பெய்து இரண்டு நாளைக்குள் எடுத்த மாதிரியையும் பத்து நாள் கழித்து எடுத்ததையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். களப்பின் மேற்பரப்பில் நன்னீர் மிதக்கும், ஒரு சாண் ஆழத்தில் வேறு அளவு வரும்.

---

ஈசல்காலம்

தண்ணீரைப் பற்றியே பேசுகிறோம். மண்ணும் செடியும் இடையில் விடுபடுகின்றன.

"அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அறிகுறி" என்கிறோம். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். முதல் நல்ல மழை மண்ணை நனைத்து இளக்கிய பிறகுதான் அது வெளியே வரும். சிறகை உதிர்த்துவிட்டு இணை சேர்ந்து மண்ணைத் தோண்ட வேண்டும். காய்ந்து இறுகிய மண்ணை அதன் வாயால் தோண்ட முடியாது. ஆக ஈசல் பூக்கும் நாள் அந்த இடத்து மண் எப்போது நனைந்தது என்பதற்குச் சரியான அளவுகோல். எந்த ஊரில் எந்த நாள் ஈசல் வந்தது என்று ஊரவரைக் கேட்டு எழுதினாலே வாடை மழை மாவட்டத்துக்குள் எப்படி நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். கோடையில் கறையானைக் காப்பது புற்று. களிமண் இல்லாத புல்மோட்டைக் கனிம மணலில் பெரிய புற்று எழும்பாது. மணல் ஒட்டாது.

அதே மழைக்கு வரும் சிவப்பு வெல்வெட் போன்ற தம்பலப்பூச்சியைப் பட்டியலில் பூச்சிகளோடு சேர்த்துவிடாதீர்கள். எட்டுக் கால். சிலந்தி வகைக்கு நெருங்கியது.

அடுத்தது செடி. வண்ணத்துப்பூச்சியின் புழு கண்ட இலையையும் தின்னாது. எருக்கு எங்கே முளைக்கிறதோ அங்கே வெந்தயவரியன் பறக்கும். எருக்குக்குக் கரையோர மணலும் வறட்சியும் பொருட்டே அல்ல, ஆகவே குச்சவெளி வரைக்கும் வெந்தயவரியனும் பொருட்படுத்தாது. ஆடுதீண்டாப்பாளையோ அதன் இனத்துக் கொடிகளோ இல்லாத இடத்தில் சிவப்பு உடல் கொண்ட கறுப்பு அழகி முட்டையிடாது. இப்படிப்பட்ட இனங்களுக்கு வெப்பமானியோடு போவதைவிடச் செடிப் பட்டியலோடு போவது பயன் தரும்.

இன்னொன்று வரலாறு. பாக்கு நீரிணை மிக ஆழமற்றது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது, இலங்கை தென்னிந்தியாவோடு நிலத்தால் ஒட்டிக் கிடந்தது. அந்தத் தரைவழி உலர்ந்த சமவெளி. உலர் நிலத்துப் பூச்சிகள் இரு பக்கமும் தாராளமாகப் போய்வந்தன. மழைக்காட்டுப் பூச்சிகளுக்கு அந்த வறண்ட வெளி கடல் போலவே தடை. அதனால்தான் தீவுக்கே உரிய இனங்கள் தென்மேற்கு ஈர வலயத்திலும் மலையிலும் குவிந்திருக்க, திருகோணமலையில் காண்பவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுச் சமவெளியிலும் இருக்கின்றன.

---

மலைமுகடு

ஒத்துக்கொள்கிறேன். மாவட்டத்துக்குள் நீரும் மண்ணும், தீவு முழுவதற்கும் உயரமும் வெப்பமும். இரண்டும் வேறு வேறு அளவுத்திட்டத்துக்குரிய கேள்விகள்.

குளக்கட்டு சொன்ன "கச்சான் மாதங்களைத் தாண்டும் வழி" பட்டியலில் இடம்பெயர்வையும் சேர்க்கவேண்டும். வாடை தொடங்கும்போது கூட்டமாக வரும் மஞ்சள் தும்பி, பன்டலா, மழைக்குட்டையில் ஆறேழு கிழமைக்குள் வளர்ந்து முடிக்கிறது. குட்டை வற்றுமுன் பறந்துவிடும். இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கிழக்கு ஆபிரிக்கா வரை வடகீழ்க் காற்றோடு அது கடல் கடப்பதாக ஓர் ஆய்வாளர் 2009இல் எழுதினார். பெருந்தேனீயும் அப்படியே. உலர் வலயத்தில் பாலையும் வீரையும் பூத்து முடிந்தபின் கூட்டத்தோடு மலைப்பக்கம் போய்விடும். ஆகஸ்ட் மாதம் ஒரு கூடும் காணவில்லை என்பதற்காகத் திருகோணமலையில் பெருந்தேனீ இல்லை என்று எழுதமுடியாது.

வெட்டுக்கிளி பற்றியும் ஒரு வரி. 2020 மே மாதம் குருநாகல் மாவத்தகமைப் பக்கம் புள்ளி வெட்டுக்கிளி பெருகியபோது அது பாலைவன வெட்டுக்கிளி என்று பலர் பயந்தார்கள். அது இங்கேயே உள்ள வேறு இனம். பாலைவன வெட்டுக்கிளி அமைதிக் காலத்தில் தங்கும் நிலத்தில் ஆண்டு மழை 200 மில்லிமீற்றருக்கும் குறைவு. உங்கள் மாவட்டத்தில் எட்டு மடங்கு பெய்கிறது. மணல் ஒரே மாதிரி இருப்பதால் இடமும் ஒரே மாதிரி ஆகிவிடாது.

---

தரவைக்காற்று

இப்போது பிரிப்பு தெளிவாகிறது. (அ) கந்தளாய், தம்பலகாமம் நீர்ப்பாசன வயல், (ஆ) மூதூர், வெருகல் ஆற்று மணல், (இ) களப்பும் கண்டலும், (ஈ) நிலாவெளி முதல் புல்மோட்டை வரை கரையோர மணலும் உப்பளமும், (உ) மொறவெவப் பக்கத்து உலர்காடும் சிறு குளங்களும், (ஊ) நகரமும் கிண்ணியாவும், அதாவது தாங்கி, பரல், கிணறு. கன்னியா வெந்நீரூற்றையும் புறாத்தீவையும் தனியாக வைக்கலாமா? கருவிகளை எப்படி வைப்பது என்பதையும் சொல்லுங்கள்.

---

குளக்கட்டு

பிரிப்பு நன்று. கன்னியாவில் கிணறுகளுக்குள் தேடிப் பயனில்லை. சூடு 40 பாகையை ஒட்டியது, நீர்ப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது மரண எல்லை. சில ஈக்களின் குடம்பிகளே அதைத் தாண்டும். மேலும் மக்கள் ஓயாமல் அள்ளிக் குளிக்கும் கிணற்றில் எதுவும் தங்காது. வழிந்தோடும் நீரைப் பாருங்கள். ஐந்து மீற்றருக்கு ஒருமுறை வெப்பநிலை எடுத்து, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எழுதினால் சூட்டின் எல்லை கண்ணெதிரே தெரியும். புறாத்தீவில் நிலையான நன்னீர் இல்லை. அங்கே நன்னீர்ப் பூச்சியைப் பிடித்தால் அது கரையிலிருந்து பறந்து வந்தது என்றே எடுங்கள்.

வெப்பமானி: கூடிய-குறைந்த வெப்பமானியைத் தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில், காற்றோட்டமுள்ள நிழலில் கட்டவும். சுவரில் மாட்டினால் சுவரின் சூட்டையே அளப்பீர்கள். இன்னொன்றைத் தரைமட்டத்தில், பூச்சி இருக்கும் இடத்தில் வையுங்கள். நண்பகலில் வெறும் மணலுக்கும் காற்றுக்கும் இடையிலான வித்தியாசம் உங்களைத் திகைக்க வைக்கும்.

விளக்குப்பொறி: வெள்ளைத் துணி, வெள்ளொளி விளக்கு, மாலை 6.30 முதல் 9.30 வரை. அமாவாசையை ஒட்டிய ஐந்து நாள் மட்டும். முழுநிலவில் வரவு வெகுவாகக் குறையும், அதை அமாவாசைக் கணக்கோடு ஒப்பிட்டால் பூச்சி இல்லாமல் போனதாகத் தெரியும். கச்சான் பலமாக அடிக்கும் இரவையும் விடுங்கள்.

---

உப்பாறு

நுளம்பு முட்டைப்பொறி: அரை லீற்றர் கறுப்புக் கோப்பை, மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், அந்த மட்டத்துக்கு மேலே வழிந்தோடச் சிறு துளை, உள்ளே சொரசொரப்பான பக்கம் தெரிய ஒரு பலகைக் கீற்று. நிழலில், தரையோடு வைக்கவும். ஐந்தாம் நாள் கட்டாயம் எடுக்கவேண்டும். ஏழு நாளைத் தாண்டினால் பொறி அல்ல, நுளம்புப் பண்ணை. எத்தனை வைத்தீர்கள், எங்கே என்று எழுதிவைக்காமல் ஒன்றையும் வைக்காதீர்கள்.

குட்டைக்கு 350 மில்லிலீற்றர் அகப்பை, ஓரிடத்தில் பத்து முறை. நிழல் தண்ணீரில் விழுந்தால் குடம்பி அடிக்கு ஓடிவிடும். சூரியனுக்கு எதிர்முகமாக நின்று, ஓரத்தில் சரித்து அள்ளவும். அலை எழுப்பினால் மூன்று நிமிடம் பொறுக்கவும்.

---

வயல்வரம்பு

ஒண்டை மறக்காதேங்கோ. "இல்லை" எண்டு எழுத அவசரப்பட வேண்டாம். ஓரிடத்தை ஒருக்காப் பார்த்துக் காணேல்லை எண்டால் "காணப்படவில்லை" எண்டு எழுதுங்கோ. மழைக்கு நடுவிலை ஒருக்கா, அறுவடை முடிஞ்சு மாசியிலை ஒருக்கா, கச்சான் உச்சத்திலை ஒருக்கா, மூண்டு தரம் பார்த்தபிறகு "இல்லை" எண்டு போடலாம். நெல் வயலிலை சிறுபோகம் செய்யிற இடத்தையும் மானாவாரியா விட்ட இடத்தையும் ஒரே பெட்டிக்குள்ளை போடாதேங்கோ. மானாவாரி வயல் ஆடியிலை வெடிச்சுக் கிடக்கும். பாசன வயல் பக்கத்திலையே பச்சையா நிக்கும். இடையிலை ஒரு வரம்புதான், ஆனால் பூச்சிக்கு அது வேறை நாடு.

---

ஈசல்காலம்

பப்பாசி மாவுப்பூச்சியை மறந்துவிட்டோம். 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்டபோது காலநிலை அதற்கு ஒத்துப்போனது மட்டும் காரணமல்ல. அதைத் தின்னும் சிறு குளவி அதனோடு வரவில்லை. 2009இல் அந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகு அடங்கியது. புதிதாக வந்த இனங்களுக்கு வரைபடத்தில் வேறு குறியீடு போடுங்கள். அவை இப்போது இருக்கும் இடம் அவற்றின் எல்லை அல்ல, இதுவரை வந்துசேர்ந்த தூரம் மட்டுமே.

---

தரவைக்காற்று

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். முதல் சுற்று கச்சான் உச்சத்தில், ஆவணி அமாவாசையை ஒட்டி. ஆறு பிரிவிலும் தலா மூன்று இடம். வரைபடத்தின் அடிநிறம் இனி மழை அல்ல, ஆவணியில் மிஞ்சும் நீர். மூதூர்ப் பக்கத்து ஆற்று மணலை முதல் சுற்றில் எடுப்பதா, மழைக்குப் பிறகா?

---

உப்பாறு

இரண்டு முறையும் எடுங்கள். முதலாவதைச் செப்ரெம்பர் கடைசிக் கிழமைக்குள் முடிக்கவேண்டும். மணல் அள்ளிய குழிகளின் நீளம், அகலம், ஆழத்தை அளந்து, இடத்தைத் தொலைபேசியில் குறித்துவையுங்கள். ஒக்ரோபரில் ஆறு பெருகினால் பாதிக் குழி மூடிப்போகும், புதிதாக வேறு குழி விழும். பழைய குழியைப் பதியாமல் விட்டால் ஜனவரியில் எந்தக் குடம்பி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வழியே இராது.